தம் பாட்டைத் தாமே பாடியோர்



ஒரு பாட்டு நம் செவியை வந்தடைவதற்கு மூவருடைய உழைப்பு வேண்டும். சொல்லைக் கட்டுபவர் ஒருவர், அதற்கு இசை அமைப்பவர் மற்றொருவர், பாடுபவர் இன்னொருவர். இம்மூன்று தொழிலையும் ஒருவரே செய்யும்போது அப்பாட்டுக்குத் தனியானதொரு வலிமை வந்துவிடுகிறது. சொன்னவரும் பட்டவரும் ஒருவரே என்ற நம்பிக்கை கேட்போர் நெஞ்சில் உண்டாகின்றது. நம் இசை மரபு இத்தகையோரை வாக்கேயகாரர் என்ற சிறப்புப் பெயரால் அழைத்தது. திருவாரூரிற் பிறந்த தியாகராசர் அத்தகையவர். நந்தனார் சரித்திரத்தை இயற்றித் தாமே பாடிப் பரப்பிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அத்தகையவரே. பண்ணையாரிடம் அடிமைப்பட்ட ஓர் உழவுத் தொழிலாளியின் ஏக்கத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே பாடுபொருளாக்கியவர் அவர் என்பதை மலைநாட்டில் வாழும் நாம் மறத்தலாகாது.

மேலைநாட்டில் இந்த மரபு அண்மைக் காலத்தில் ஒரு புதுக் கோலம் பூண்டது. பியானோவின் முன் அமர்ந்து, தாம் எழுதிய பாட்டைத் தாமே இசைத்துப் பாடும் கலைஞர் பலர் 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவிலே தோன்றினர். அவர்களுள் தலைசிறந்தவர் கரோல் கிங் என்னும் மாதரசி. 1942இல் நியூயோர்க் நகரிற் பிறந்த இவர், இளமையிலேயே, கணவர் ஜெரி கோபினுடன் சேர்ந்து, பிறர் பாடுவதற்கென்றே பாட்டுக் கட்டிக் கொடுக்கும் தொழிலில் ஈடுபட்டார். சிறு சிறு அறைகளில் ஆளுக்கொரு பியானோவை வைத்துக்கொண்டு, நாள்தோறும் பாட்டுச் செய்து பதிப்பாளரிடம் ஒப்படைக்கும் தொழில் அது. பாட்டு இவருடையது, புகழோ பாடியவருக்கு. இந்நிலை பல ஆண்டுகள் நீடித்தது. பின்பு 1971ஆம் ஆண்டு பெப்ரவரியில், ‘டப்பெஸ்ட்ரி’ என்ற இசைத்தட்டைத் தம் குரலிலேயே வெளியிட்டார். பிறருக்குக் கொடுத்திருந்த பாட்டுகள் சிலவற்றையும் அதிலே தாமே பாடினார். அத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 1972இல் கிராமி விருதுகள் நான்கைப் பெற்றுத் தந்தது.

அந்த இசைத்தட்டைக் கேட்பவர் முதலில் உணர்வது அதன் எளிமையே. குரலிலே மெருகு குறைவு. பெருமிதம் சிறிதும் இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணொருத்தி தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து நம்மோடு பேசுவது போன்ற ஓசை. அதற்குத் துணைநிற்பது பியானோ. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டு புளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோபோரி என்பவர் சமைத்த கருவி அது. இடக்கை தாளத்தையும் அடியொலியையும் தாங்க, வலக்கை மெட்டை நடத்த, பாடுபவர் வேறெவர் துணையுமின்றித் தம் பாட்டை நிறைவுறச் செய்ய அது இடந்தருகின்றது. தனியொருவரின் நெஞ்சைத் திறந்து காட்டும் பாட்டுக்கு இக்கருவி பொருந்தியதன் காரணம் இதுவே.

இனி, நம் ஊவா மலைகளுக்கு வருவோம். பசறையிலும் ஹாலிஎலையிலும் தெமோதரையிலும் அப்புத்தளையிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய பாட்டு இருந்ததா? இருந்ததெனின், அஃது எங்கே போயிற்று? இன்றைய பேச்சின் கருப்பொருள் இதுதான்.

பியானோ நம் மலைக்கு வராமலில்லை. துரைமார் சிலருடைய பங்களாக்களில் அது இருந்தது. ஆயினும் அதன் ஓசை லயங்களின் பக்கம் எட்டவில்லை. லயத்து மக்களிடம் வந்து சேர்ந்தது அதன் ஏழை உறவினளாகிய ஆர்மோனியமே. பிரெஞ்சுக்காரர் கண்ட அக்கருவியை, இந்தியர் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கத் தக்கதாக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகநாத் கோஷ் மாற்றி அமைத்தார். நாடகக் கொட்டகைகளின் வழியாகத் தமிழகத்திற் பரவிய ஆர்மோனியம், தோட்டத்துக் கோயில்களின் மார்கழிப் பஜனையிலும் இடம்பிடித்தது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அக்கருவியைத் தகுதியற்றதென்று விலக்கி வைத்திருந்தது. அக்காலத்திலும் எளிய மக்களின் மேடை அதனைக் கைவிடவில்லை.

ஆர்மோனியத்துக்கும் முற்பட்டது தப்பு. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு மக்களை அழைத்த ஓசை அதுதான். காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கர் கூத்துக்கும் முழங்கியதும் அதுவே. உழைப்புக்கு விரட்டிய தோலே ஓய்வு வேளையிற் கலைக்கும் பயன்பட்டது. இக்கூத்துகளோடு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து பறிக்கும்போது பாடும் பாட்டு எனப் பலவகைப் பாடல்கள் தோட்டங்களில் வழங்கின. கங்காணியின் கடுமொழி, பிரிந்து வந்த ஊர், தீராத கடன், மழையில் நனைந்த கூடை, பனியில் விறைத்த விரல் ஆகியவை அவற்றின் பொருள். பாடியவள் பாட்டைச் சிறிது மாற்றினாள். அடுத்தவள் மேலும் சிறிது சேர்த்தாள். எழுத்தறியாத அவ்வன்னையர் ஒவ்வொருவரும் ஒரு வகையில் வாக்கேயகாரரே. ஆனால் அவர்களுடைய பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

இந்நிலையிலே புதிய குரல்கள் மலைக்கு வந்தன. இருப்புப்பாதை 1924இல் பதுளையை எட்டியது. மறு ஆண்டிலேயே, அதாவது 1925 டிசம்பரில், தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியினால் கொழும்பு வானொலி முறையாக ஒலிக்கத் தொடங்கிற்று. அதற்கு முன் நடந்த பரிசோதனை ஒலிபரப்புகளிற் கிராமபோன் இசைத்தட்டுகளே ஒலித்தன. 1949இல் அது இலங்கை வானொலி என்னும் பெயருடன் வளர்ந்தது. 1950இல் வர்த்தக சேவை தோன்றியது. பின்னர் கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் பெட்டி வந்தபோது, மின்சாரமில்லாத லயக் காம்பராவிலும் சென்னையின் சினிமாப் பாட்டு கேட்கலாயிற்று.

இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. பகலெல்லாம் மலையேறி உழைத்தவர் மாலையிலே நல்லிசை கேட்டு இளைப்பாறுவதை யார்தான் குறைகூறுவர்? ஆயினும் அதனோடு ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுகாறும் பாடுவோராக இருந்த மக்கள் மெல்ல மெல்லக் கேட்போராக மாறினர். செவிக்கு வந்த பாட்டில் அவர்தம் மலை இல்லை, கூடை இல்லை, கங்காணியும் இல்லை. கரோல் கிங் பிறருக்குப் பாட்டெழுதும் நிலையிலிருந்து தம் குரலுக்கு ஏறினார். தோட்டத்து மக்களோ தம் குரலிலிருந்து பிறர் பாட்டுக்கு இறங்கினர்.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஓர் அம்மையார் நிற்கின்றார். அவரே மீனாட்சி அம்மை. தஞ்சை மண்ணிலிருந்து வந்து, பத்திரிகையாசிரியராகவும் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கி, 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கென அட்டனிலே சங்கம் நிறுவிய கோ. நடேசையரின் வாழ்க்கைத் துணைவியார் அவர். கணவரின் ‘தேசபக்தன்’ பத்திரிகைப் பணியிற் பங்குகொண்ட அவர், தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாரதியாரின் பாடல்களைப் பாடினார். அதனோடு அமையாது தாமே பாட்டுகளை இயற்றினார்; பாடினார்; சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவரது பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது.

அந்த ஆண்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிற் பணிபுரிந்த இந்தியத் தினக்கூலியாட்களை விலக்கும் நடவடிக்கை தொடங்கியது. அதே ஆண்டு நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். மே மாதத்தில் பதுளையை அடுத்த வேவஸ்ஸத் தோட்டத்து வேலைநிறுத்தம் நாடெங்கும் பேசப்பட்டது. தோட்டமென்பது தனியார் நிலம். தொழிற்சங்கத்தார் அங்கே கால்வைப்பது அத்துமீறல் எனக் கருதப்பட்ட காலம் அது. ஆள் நுழைய இயலாத வாயிலிலே பாட்டு நுழைந்தது. மக்களுக்குப் பழகிய மெட்டுகளிலே புதிய சொற்களைப் பொருத்தி அம்மையார் பாடியதன் நுட்பம் ஈண்டு விளங்கும். மெட்டு முன்னமே தெரிந்திருந்தால், ஒருமுறை கேட்டவனும் லயத்துக்குத் திரும்பி அதனைப் பாடிவிடுவான் அன்றோ? அவர் மேடையிற் பாடிய பாட்டு, இசைத்தட்டு விற்பனைக்காகச் செய்த பாட்டன்று. கேட்டவரைப் பாட வைப்பதற்காகச் செய்த பாட்டு.

ஆனால், நேயர்களே, அவ்வம்மையாரின் சொற்கள் மட்டுமே இன்று நம்மிடம் எஞ்சியுள்ளன. அவர் எவ்விடத்தில் குரலை உயர்த்தினார், எவ்விடத்தில் நிறுத்தினார், எச்சொல்லை அழுத்தினார் என்பதை அச்செழுத்துச் சொல்லாது. 1971இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் பாடிய ஒருவரின் மூச்சையும் நாம் இன்று பதுளையிலிருந்து கேட்கலாம். நம் மலையில் நம் மக்களுக்காகப் பாடியவரின் குரலையோ கேட்க இயலவில்லை.

ஈழத்தில் தம் பாட்டைத் தாமே பாடிய மரபு 1960களின் இறுதியில் மீண்டும் தழைத்தது. நித்தி கனகரத்தினம் தாமே எழுதி மெட்டமைத்த துள்ளிசைப் பாடல்களைப் பாடினார். ஏ. ஈ. மனோகரனின் குரல் கடல் கடந்தும் ஒலித்தது. இவர்களுக்குக் கித்தார் துணைநின்றது. நம் பேச்சு வழக்கும் நம் ஊரின் நகைச்சுவையும் வானொலியில் ஏறலாம் என்று அவர்கள் காட்டினர். வடக்கும் கிழக்கும் கொழும்பும் கண்ட இந்த வாய்ப்பு, தோட்டத்து லயங்களுக்கு அந்த அளவிற் கிட்டவில்லை.

கிட்டாததற்குக் காரணம் திறமைக் குறைவன்று, காலத்தின் கொடுமை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலார் நாடற்றோராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் தீர்மானிப்பது எனக் கணக்கிட்டனர். அக்கணக்கின்படி பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் மக்கள் பெட்டிபடுக்கையுடன் புகைவண்டி ஏறித் தலைமன்னாரை நோக்கிச் சென்றனர். ஏறியவரும் அழுதனர், வழியனுப்ப வந்தவரும் அழுதனர். இறந்தவர்க்குப் பாடும் ஒப்பாரி அன்று உயிரோடு பிரிந்தவர்க்காக எழுந்தது. அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. 1980களின் நடுப்பகுதிக்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். அவர்களோடு எத்தனை பாட்டுகள் கப்பலேறின என்பதை எந்தத் திணைக்களமும் எண்ணவில்லை.

எஞ்சியவற்றைக் காத்துத் தந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இற் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாகி, கவிஞராகவும் நாவலாசிரியராகவும் விளங்கிய அவர், தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த பாடல்கள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் பெயரில் 1983இல் நூலாயின. மறு ஆண்டே அவர் மறைந்தார். ஒரு சமுதாயத்தின் நினைவை அழியாது காத்த தொண்டு அது.

எமது பாடசாலைக் கலைவிழா ஒன்றிலே மாணவி ஒருத்தி தாலாட்டொன்று பாடினாள். யார் எழுதிய பாட்டு என்று வினவினேன். “அப்பாயி பாடுவாங்க, சேர். யார் எழுதினதுன்னு தெரியாது” என்றாள். அப்பாயி பாடியது என்பதே ஒரு வரலாற்றுக் குறிப்புத்தான். அதனோடு அப்பாயியின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், எந்த டிவிசன் என்பதையும், பாடிய நாளையும் சேர்த்து எழுதிவிட்டால் அது சான்றாகிவிடும்.

மீனாட்சி அம்மையின் காலத்தில் ஒரு குரலைத் தட்டிற் பதிப்பது செல்வரும் கம்பெனியாரும் செய்யத்தக்க காரியமாக இருந்தது. இன்று நம் பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியே ஒலிப்பதிவுக் கூடமாகிவிட்டது. தேனீரருந்தும் நேரத்தில் ஒரு பாட்டைப் பதிந்துவிடலாம். இனியும் நம் முதியோரின் குரல் மறையுமானால், அதற்குத் துரையையோ சட்டத்தையோ நாம் காரணங்காட்ட முடியாது.

பழையதைப் பேணுவதோடு நம் கடன் முடியவில்லை. இன்று பல கோயில்களிலும் தேவாலயங்களிலும் மின்விசைப் பலகைகள் இருக்கின்றன. பியானோவின் ஓசையை இன்று லயத்துச் சிறுவனும் தன் விரலால் எழுப்பலாம். அவன் அதிலே சினிமா மெட்டை வாசித்துப் பழகட்டும். அது நல்ல பயிற்சி. பழகிய பின்னர், தன் தாயின் கூடையையும், தான் நடந்துவரும் மலைப்பாதையையும், தன் வீட்டுக்கு இன்னும் கிட்டாத காணியுறுதியையும் தன் சொல்லிலே கட்டி, தன் குரலிலே பாடட்டும். கரோல் கிங்கைக் கேட்டு நாம் கற்க வேண்டியதும் மீனாட்சி அம்மையை நினைந்து நாம் செய்ய வேண்டியதும் அதுவே.