கறவையும் கிடாரியும்: நடராஜனின் ஏல விலைகள் சொல்லும் வரலாறு

நாமக்கல்லை அடுத்த புதன்சந்தை, மாட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். சேலம், நாமக்கல் சமவெளியின் மாட்டுச் சந்தைகளில் கறவை மாட்டுக்கு ஒரு பேரம், கிடாரிக்கு இன்னொரு பேரம். கறவையை வாங்குபவர் எத்தனையாவது ஈற்று, வேளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பார். மடியைத் தொட்டுப் பார்ப்பார். வேண்டுமானால் கறந்தும் பார்ப்பார். கிடாரியிடம் கறந்து பார்க்க ஒன்றும் இல்லை. பல், சுழி, உடல்வாகு, தாய்ப்பசு கறந்த அளவு ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்க வேண்டியதுதான்.

தொழில்முறை விளையாட்டிலும் இதே கேள்வி எழுகிறது. பல ஆண்டுகள் ஆடித் திறமையை நிரூபித்த வீரருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? இன்னும் களத்தில் சோதிக்கப்படாத இளைஞருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் த. நடராஜனின் ஏல வரலாறு இக்கேள்வியை ஆராய நல்ல எடுத்துக்காட்டு. ஒரே வீரர் நான்கு முறை ஏலத்தில் விலைபோனார். நான்கு விலைகளும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை.

அமெரிக்காவின் தேர்வு முறை

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை கிடைக்கும். இந்த முறையைப் பண்டம்போல் மாற்றிக்கொள்ளவும் முடியும். "எங்கள் வீரரை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முறையை எங்களுக்குக் கொடுங்கள்" என்று அணிகள் பேரம் பேசுகின்றன.

2020 மார்ச்சில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி, பந்தைப் பிடித்து ஓடும் ரிசீவரான ஸ்டெஃபான் டிக்ஸைப் பஃபலோ பில்ஸ் அணிக்குக் கொடுத்தது. அதற்கு ஈடாகக் கிடைத்தவற்றுள் முதன்மையானது, அவ்வாண்டுத் தேர்வின் 22ஆவது இடம். அந்த இடத்தில் மின்னசோட்டா எடுத்தவர் ஜஸ்டின் ஜெஃபர்சன். அதே பருவத்தில் டிக்ஸ் 127 பந்துகளைப் பிடித்து லீகிலேயே முதலிடம் பெற்றார். ஜெஃபர்சன் தம் முதல் பருவத்திலேயே 1,400 கெஜம் ஈட்டினார். நிரூபித்தவரை வாங்கியவரும் ஏமாறவில்லை. நிரூபிக்காதவரை எடுத்தவரும் ஏமாறவில்லை. இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. 2015ஆம் ஆண்டுத் தேர்வில் டிக்ஸ் 146ஆவதாகவே எடுக்கப்பட்டார். தமக்கு முன்னே 145 பேரை அணிகள் தேர்ந்தெடுத்த பிறகே அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

இந்தியாவில் ஏல முறை

இந்தியன் பிரீமியர் லீக் எனப்படும் ஐபிஎல் 2008இல் தொடங்கியது. அது அமெரிக்க முறையைப் பின்பற்றாமல் ஏல முறையைத் தேர்ந்துகொண்டது. ஆயினும் அந்த முதல் ஆண்டில், 19 வயதுக்கு உட்பட்ட வீரர்களுக்காக மட்டும் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு இருந்தது. அப்போது டெல்லி அணி தன் ஊர்க்காரரான விராட் கோலியை எடுக்காமல், இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. மட்டையாளர்கள் டெல்லியிடம் ஏற்கெனவே போதிய அளவில் இருந்ததால், அந்த நேரத்தில் அது காரணமில்லாத முடிவு அல்ல. கோலி பெங்களூருக்குப் போனார். நிரூபிக்கப்படாதவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்றாகும்.

சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னைக்கு

நடராஜன் 1991இல் பிறந்தார். விசைத்தறிகள் நிறைந்த பகுதி அது. தந்தை தறிக்கூடத் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். இருபது வயது வரை நடராஜன் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட். அவரது திறமையைக் கண்ட அவ்வூர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அங்கே நான்காம் பிரிவு லீகில் தொடங்கிப் படிப்படியாக முதல் பிரிவுக்கு உயர்ந்தார்.

2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் வங்காள அணிக்கு எதிராகத் தமிழ்நாட்டு அணிக்காக முதன்முதலில் ஆடினார். அந்த ஆட்டத்திற்குப் பிறகு அவர் பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற ஐயம் எழுப்பப்பட்டது. முதல் ஆட்டத்திலேயே வந்த இந்தத் தடங்கல் பலரது வாழ்க்கையை முடித்திருக்கும். நடராஜன் பயிற்சியாளர்களின் துணையோடு கையின் வீச்சைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீகில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஆடினார். மட்டையாளரின் காலடியில் விழும் யார்க்கர் பந்துகளை வேண்டியபோதெல்லாம் வீச அவரால் முடிந்தது. ஐபிஎல் அணிகளின் கண்ணில் பட்டது இந்தத் திறன்தான்.

நான்கு விலைகள்

முதல் விலை (2017): அடிப்படை விலை 10 லட்சம் ரூபாய். பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அதாவது 30 மடங்கு. அப்போது அவர் ஐபிஎல்லில் ஒரு பந்துகூட வீசியதில்லை. அந்தப் பருவத்தில் 6 ஆட்டங்களில் 2 விக்கெட் மட்டுமே எடுத்தார்.

இரண்டாம் விலை (2018): சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020இல் 16 ஆட்டங்களில் ஆடி 16 விக்கெட் எடுத்தார். அந்தப் பருவத்தின் நடுவில் புவனேஷ்வர் குமார் காயமடைந்து விலகியதால், இறுதி ஓவர்களின் பொறுப்பு பெருமளவு இவர் மீது விழுந்தது. வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் ஏ.பி. டி வில்லியர்ஸை யார்க்கரில் வீழ்த்தியது பலருக்கும் நினைவிருக்கும்.

மூன்றாம் விலை (2022): ஹைதராபாத் அணியே 4 கோடிக்கு மீண்டும் எடுத்தது. 2022இல் 11 ஆட்டங்களில் 18 விக்கெட். 2024இல் 14 ஆட்டங்களில் 19 விக்கெட்.

நான்காம் விலை (2025 பருவம்): 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் டெல்லி கேப்பிடல்ஸ் 10.75 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் 2 ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார்.

ஒரு பருவத்துக்கான விலையை விக்கெட் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாம். 2017இல் ஒரு விக்கெட்டுக்கு 1.5 கோடி. 2020இல் ஒரு விக்கெட்டுக்கு 2.5 லட்சம். 2024இல் ஏறத்தாழ 21 லட்சம். எதையும் காட்டாதபோது அதிக விலை. மிகச் சிறப்பாக ஆடியபோது குறைந்த விலை. நன்கு நிரூபித்த பிறகு கிடைத்த மிகப்பெரிய விலையின் முதல் ஆண்டிலோ ஆட வாய்ப்பு மிகக் குறைவு. விக்கெட் கணக்கு மட்டும் பந்துவீச்சாளரின் முழு மதிப்பு ஆகாது என்பது உண்மையே. ஆனாலும் விலையும் விளைவும் கைகோத்து நடக்கவில்லை என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

விலை எதை அளக்கிறது?

ஏல விலை ஆட்டக்காரரின் திறமையை மட்டும் பொறுத்தது அல்ல. முதலாவது, வாங்குபவர் கையில் மிச்சமிருக்கும் பணம். இரண்டாவது, போட்டி. ஓர் அணி மட்டும் விரும்பினால் அடிப்படை விலையிலேயே ஏலம் முடியும். இரண்டு அணிகள் மோதினால் விலை பல மடங்கு ஏறும். மூன்றாவது, தட்டுப்பாடு. ஐபிஎல் அணியில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு வெளிநாட்டவர்தாம் ஆட முடியும். எனவே இறுதி ஓவர்களை வீசத் தெரிந்த இந்திய வேகப்பந்து வீச்சாளர், அதிலும் இடக்கையர், அரிதான சரக்கு. நான்காவது, நம்பிக்கை. தெரிந்தவரிடம் குறைகளும் தெரியும். தெரியாதவரிடம் ஆசை மட்டுமே தெரியும்.

இந்த நான்காவது காரணம் நடராஜனோடு நிற்கவில்லை. கட்டடக் கலைஞராக இருந்து சுழற்பந்து வீச்சாளரான வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. அவரது அடிப்படை விலை 20 லட்சம். 2019இல் அவருக்கு ஓர் ஆட்டம் மட்டுமே அமைந்தது. அடுத்து கொல்கத்தா அணி 4 கோடிக்கு, பாதிக்கும் குறைந்த விலையில், வாங்கியது. 2020இல் 17 விக்கெட் எடுத்தார். நடராஜனைப் போலவே வருணும் விலை குறைந்த பிறகே தம் திறமையைக் காட்டினார்.

2025 இறுதியில் சென்னை அணி இதே கேள்வியைச் சந்தித்தது. நவம்பரில் ரவீந்திர ஜடேஜா, சாம் கரன் இருவரையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றது. இது நிரூபித்தவர்களுக்கு நிரூபித்தவர் என்ற பரிமாற்றம். டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் தலா 14.2 கோடிக்கு வாங்கியது. இருவரும் அதுவரை ஐபிஎல் ஆட்டம் எதிலும் ஆடியதில்லை. ஓர் அணியே அடுத்தடுத்த மாதங்களில் கறவையையும் வாங்கியது, கிடாரியையும் வாங்கியது.

ஏலம் பார்க்காத கணக்கு

2020இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு நடராஜன் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகவே முதலில் தேர்வானார். வருண் காயத்தால் விலகியபோது இருபது ஓவர் அணியில் அவரது இடம் நடராஜனுக்குக் கிடைத்தது. டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4 அன்று அங்கேயே இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். இந்தியா தொடரை வென்ற அந்த பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்சில் 3 விக்கெட் எடுத்தார். அந்த நாட்களில் ஐபிஎல்லில் அவரது விலை 40 லட்சம்தான்.

பின்னர் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. 2021 பருவம் பெரும்பாலும் கைநழுவியது. நிரூபித்தவரை வாங்குவதிலும் ஊகம் உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது. கறவைக்குக் கொடுக்கும் விலையும் நேற்றுக் கறந்த பாலுக்கு அல்ல. நாளை கறக்கப்போகும் பாலுக்கே. பழைய கணக்கு ஊகத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

சந்தை உவமைக்கு ஓர் எல்லை உண்டு. விலைபோவது மனிதர்கள். ஏலத்தில் நிற்கும்போது மாட்டைப்போல் உணர நேர்வதாக முன்னாள் இந்திய வீரர் ராபின் உத்தப்பா 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். மாட்டுக்குத் தன் விலை தெரியாது. வீரருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். 3 கோடிக்கு வாங்கப்பட்ட இளைஞர் 2 விக்கெட்டோடு ஊர் திரும்பும்போது, ஏலத்தில் கை தூக்கியவரின் தவறு அவர் தலையில்தான் ஏறுகிறது.

நடராஜன் தம் ஊரில் அமைத்த கிரிக்கெட் மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார். 2020இல் வாழப்பாடியிலும் ஒரு கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. இந்தச் சமவெளியின் பிள்ளைகள் பந்து பழகச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை மெல்ல மாறுகிறது. அங்கே பழகும் மாணவர்கள் அந்த நான்கு விலைகளையும் வரிசையாக அறிந்திருப்பது நல்லது. 3 கோடி அவரை உயர்ந்த பந்துவீச்சாளர் ஆக்கவில்லை. 40 லட்சம் அவரைத் தாழ்ந்த பந்துவீச்சாளர் ஆக்கவும் இல்லை.