கோக்கோவும் மனச்சான்றும் (1901–1909)

1901ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரின் கேட்பரி சாக்லேட் நிறுவனத்தாருக்கு ஒரு விற்பனைப் பட்டியல் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், போர்த்துக்கல் நாட்டின் ஆட்சியிலிருந்த சாவோ டோமே தீவில் ஒரு கோக்கோத் தோட்டம் விலைக்கு வந்திருந்தது. தோட்டத்தின் பிற உடைமைகளோடு இருநூறு கறுப்பினத் தொழிலாளரும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, அவர்களுக்கு 3,555 பவுன் என விலையும் குறிக்கப்பட்டிருந்தது. தலைக்கு ஏறத்தாழ 18 பவுன். அந்நாட்களில் கேட்பரி நிறுவனம் வாங்கிய கோக்கோவில் ஏறக்குறையப் பாதி இத்தீவிலிருந்தும் இதன் அண்டைத் தீவாகிய பிரின்சிப்பேயிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

பட்டியலைக் கண்டவர்கள் யார் என்பதை இங்கே கருதவேண்டும். கேட்பரி குடும்பத்தார் நண்பர் சங்கத்தார், அதாவது குவேக்கர்கள். இங்கிலாந்தின் கிறிஸ்தவர்களுள் அடிமை வணிகத்திற்கு எதிராக முதன்முதல் ஒரு சபையாகத் திரண்டு குரல் எழுப்பியவர்கள் இவர்களே. ஜார்ஜ் கேட்பரி தம் தொழிலாளருக்காகப் போர்ன்வில்லில் தோட்டங்களோடு கூடிய வீடுகளை அமைத்தவர். அவ்வீடுகளை 1900இல் அறக்கட்டளையாக்கித் தம் உரிமையைத் துறந்தவர். அவருக்குரிய ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ், அற்பக்கூலிக்கு உழைப்போரின் அவலத்தை இலண்டன் மக்கள் நேரில் காணும்படி 1906இல் ஒரு கண்காட்சியே நடத்தியது. ஆகவே, இவ்வரலாற்றை வஞ்சகரின் கதையாகப் படித்துவிட்டு நாம் எளிதில் கடந்துபோக முடியாது.

தீவுகளில் நிலவிய முறை சட்டப்படி அடிமைத்தனமன்று. போர்த்துக்கல் அடிமைத்தனத்தை 1870களிலேயே ஒழித்திருந்தது. அங்கோலாவின் உட்பகுதிகளில் பிடிக்கப்பட்டும் விலைக்கு வாங்கப்பட்டும் கடற்கரைக்கு நடத்திவரப்பட்ட மக்கள், அங்கே ஓர் அதிகாரியின்முன் நிறுத்தப்பட்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்கு ‘இசைந்தவர்’களாகப் பதிவு செய்யப்பட்டனர். ஐந்தாண்டு முடிந்ததும் ஒப்பந்தம் தானே புதுப்பிக்கப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற சொல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. நம் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் சென்ற கப்பல்களில் அத்தகைய தாள்கள் இருந்தன. எனினும் நேட்டாலிலிருந்து திரும்பினோர் பலர் உண்டு. சாவோ டோமேயிலிருந்து அங்கோலாவுக்குத் திரும்பியவர் இல்லை என்றே சொல்லலாம்.

நிறுவனத்தின் சார்பில் இப்பொறுப்பை ஏற்றவர் ஜார்ஜின் அண்ணன் மகனாகிய வில்லியம் கேட்பரி. 1903இல் அவர் லிஸ்பனுக்குச் சென்றார். அவ்வாண்டில் போர்த்துக்கல் புதிய தொழிலாளர் ஆணை ஒன்றைப் பிறப்பித்திருந்தது. அது நடைமுறைக்கு வர ஓராண்டு பொறுத்துப் பார்க்கும்படி அவருக்கு ஆலோசனை கூறப்பட்டது. அவர் பொறுத்தார். பின்னர், கேள்விப்பட்டதை நம்பிக் குற்றஞ்சாட்டலாகாது என்று கருதி, ஃபிரை, ரௌண்ட்ரீ முதலிய நிறுவனத்தாரோடு சேர்ந்து ஜோசப் பர்ட் என்பவரை நேரில் ஆராயும்படி அனுப்பத் தீர்மானித்தார். போர்த்துக்கீசிய மொழியைக் கற்கவே பர்ட்டுக்குச் சில திங்கள் சென்றன. 1905இல் புறப்பட்ட அவர் தீவுகளையும் அங்கோலாவையும் பார்த்து 1907இல் திரும்பினார். இதற்கிடையில் ஹென்றி நெவின்சன் என்னும் பத்திரிகையாளர் அதே வழியில் சென்று வந்து, தாம் கண்ட அடிமை வணிகத்தை 1906இல் நூலாகவே வெளியிட்டுவிட்டார். பர்ட்டின் அறிக்கையும் நெவின்சன் கூறியதையே உறுதிப்படுத்தியது. அது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்திடம் 1907இல் அளிக்கப்பட்டது, அச்சேறியது 1908இல்.

அமைச்சகத்திற்கு அவசரம் இருக்கவில்லை. டிரான்ஸ்வாலின் தங்கச் சுரங்கங்களுக்குப் போர்த்துக்கீசிய மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் தேவைப்பட்டனர். லிஸ்பனைப் பகைத்துக்கொள்வது எளிதன்று. ‘பொறுத்திருங்கள்’ என்று அரசு கேட்டது. நிறுவனத்தார் பொறுத்திருந்தனர், கோக்கோவும் வந்துகொண்டிருந்தது.

வில்லியம் கேட்பரியின் வாதத்தை நாம் அற்பமாக எண்ணக்கூடாது. வாங்குவோராக இருக்கும்வரை தோட்டக்காரரிடமும் போர்த்துக்கல் அரசிடமும் தம் சொல்லுக்கு மதிப்புண்டு; வாங்குவதை நிறுத்தினால் கோக்கோ வேறொருவர் கைக்குப் போகும், தொழிலாளருக்கோ யாதொரு பயனும் இராது என்றார் அவர். இன்றும் வணிகக் கூட்டங்களில் கேட்கப்படும் வாதமே இது. இதில் உண்மையும் உண்டு. ஆனால் அத்தகைய செல்வாக்கு எந்நாளுக்குள் என்ன பயன் தரவேண்டும், தராவிடில் எந்நாளில் விலகுவது என்ற வரையறையை 1901இலோ 1903இலோ அவர்கள் வகுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆண்டுதோறும் காத்திருக்க ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. காத்திருந்தவர்கள் பர்மிங்காமில் இருந்தனர். அதன் செலவு அங்கோலா மக்களின் கணக்கில் ஏறியது. பிடித்தம் செய்யப்பட்ட கூலியின் கூக்குரலைப்பற்றி யாக்கோபு எழுதியதை அவர்களும் ஆராதனையில் வாசித்திருப்பார்கள் அல்லவா?

அதே நண்பர் சங்கத்தைச் சேர்ந்த ஜான் உல்மன் நம் நினைவுக்கு வருகிறார். 1740களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கடையில் அவர் எழுத்தராக இருந்தார். முதலாளி தம் அடிமைப் பெண்ணை விற்றுவிட்டு, வாங்கியவர் அங்கேயே காத்திருக்க, விற்பனைச் சீட்டை எழுதும்படி உல்மனைப் பணித்தார். உல்மன் எழுதிக்கொடுத்தார், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்திற்கு ஒவ்வாதது என்று இருவர் முன்பாகவும் கூறவும் செய்தார். ஆயினும் எழுதிய கை அவரை வருத்திக்கொண்டேயிருந்தது. மறுமுறை ஒருவர் அவ்வாறு கேட்டபோது மறுத்துவிட்டார். கூலிக்கு எழுதிய அவ்விளைஞருக்கு லிஸ்பனுக்குச் செல்லும் வசதியோ, ஆராய ஆளனுப்பும் பொருளோ இருக்கவில்லை. அவ்விரண்டும் இல்லாததே ஒருவகையில் அவருக்கு உதவியாயிற்று எனத் தோன்றுகிறது.

1908 செப்டம்பரில், எதிர்க்கட்சியைச் சார்ந்த ‘ஸ்டாண்டர்டு’ நாளிதழ் கேட்பரி நிறுவனத்தாரை மாயக்காரரெனச் சாடியது. அதன் நோக்கம் தூயதன்று. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் அடிமைகளாக நடத்தப்படுவதாக ‘டெய்லி நியூஸ்’ எழுதியதற்கு அது பழிதீர்த்துக்கொண்டது. நிறுவனத்தார் அவதூறு வழக்குத் தொடர்ந்தனர். அவ்வாண்டின் இறுதியில் வில்லியம் கேட்பரியே பர்ட்டோடு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். திரும்பிவந்தபின், 1909 மார்ச்சில், மூன்று குவேக்கர் நிறுவனங்களும் அத்தீவுகளின் கோக்கோவை இனி வாங்குவதில்லை என அறிவித்தன.

கோல்டு கோஸ்ட் நாட்டில் அதற்குள் வேறு வழி திறந்திருந்தது. அங்கே கோக்கோ பயிரிட்டவர்கள் சிறு நிலமுடைய ஆப்பிரிக்க உழவர்கள். அதை அங்கே பரப்பியவராகப் போற்றப்படும் டெட்டே குவார்ஷி, பாசல் மிஷன் பட்டறையில் கொல்லுத்தொழில் பயின்றவர். மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவியதால் நாம் அறிந்த அதே மிஷன்தான். 1911இல் கோல்டு கோஸ்ட் கோக்கோ ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம் பெற்றது. மாற்று வழி கிடைத்தபின்னரே மனச்சான்று விழித்தது என்று சிலர் கூறுவர். அவ்வளவு கடுமையாகத் தீர்ப்பிட நாம் துணியோம். ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் நேர்ந்தன என்பதை மறைக்கவும் இயலாது.

வழக்கு 1909 நவம்பர் இறுதியில் பர்மிங்காமில் தொடங்கியது. பின்னாளில் ரெடிங் பிரபுவாக இந்தியாவின் வைசிராய் பதவிக்கு வந்த ரூஃபஸ் ஐசக்ஸ் கேட்பரி தரப்பில் வாதாடினார். எதிர்த்தரப்பில் எட்வர்டு கார்சன். வில்லியம் கேட்பரியைக் குறுக்கு விசாரணை செய்த கார்சன், இவ்வெட்டு ஆண்டுகளில் உங்கள் கோக்கோவுக்காக உயிரிழந்த அடிமைகள் எத்தனை பேர் என்று எப்போதாவது கணக்கிட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்பதே பதில்.

நடுவர்கள் கேட்பரி நிறுவனத்தாருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். வழக்குச் செலவை ‘ஸ்டாண்டர்டு’ ஏற்க நேர்ந்தது. இழப்பீடாக அவர்கள் விதித்த தொகை ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி.