கற்பூரவள்ளியும் கஞ்சித் தண்ணீரும்: கல்கத்தா உலகுக்குக் கொடுத்த கைவைத்தியம்

நமது சங்க அங்கத்தினர்கள் இல்லங்களுக்குச் செல்லும்போது நான் தவறாமல் கவனிக்கும் ஒரு விஷயம் உண்டு. மும்பையோ, டில்லியோ, கொல்கத்தாவோ, எந்த ஊர் ஃபிளாட்டாக இருந்தாலும் பால்கனியில் ஒரு துளசி, பக்கத்திலேயே ஒரு கற்பூரவள்ளித் தொட்டி. ஜலதோஷத்துக்குக் கஷாயம், குழந்தைக்கு மாந்தம் என்றால் ஒரு பாலாடை சாறு, மீந்தால் பஜ்ஜி. இந்தச் சாதாரண இலை, 1953-ம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் இடம்பெற்றது என்று சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதை அங்கே எழுதியவர் ஒரு கல்கத்தா டாக்டர். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் எழுத விரும்புகிறேன். கைவைத்தியத்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1957-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் வாந்திபேதி பரவியது. எனக்கு ஏழு வயது. என் தங்கைக்கு மூன்று வயது. ராத்திரி ஆரம்பித்த பேதி மறுநாளும் நிற்கவில்லை. "வாயில் ஜலமே வைக்காதே, வைத்தால் பேதி அதிகமாகும்" என்பதுதான் அந்தக் காலத்துப் பத்தியம். குழந்தை "தூத்தம், தூத்தம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நனைத்த துணியால் உதட்டைத் துடைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் போய்விட்டது. அன்றும் எங்கள் வீட்டில் சாதம் வடித்தார்கள். வடித்த கஞ்சி வழக்கம்போல் கொல்லையில் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. அதில் அளவாக உப்புப் போட்டால் அது மருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அன்று பெரிய ஆஸ்பத்திரிகளிலும் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

ரத்தத்தில் குறைவது என்ன?

காலராவில் மனிதன் சாவது கிருமி கடித்து அல்ல. உடம்பிலுள்ள ஜலமும் உப்பும் வற்றிப் போவதால்தான். இதை 1831-32-ல் இங்கிலாந்தில் கண்டு சொன்னவர் ஓஷாக்னஸி என்ற அயர்லாந்து இளைஞர். நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, நீரும் உப்புகளும் குறைந்திருப்பதைக் காட்டினார். 1832-லேயே ஸ்காட்லாந்தில் டாக்டர் தாமஸ் லாட்டா நரம்பு வழியாக உப்பு நீரை ஏற்றிப் பார்த்தார். ஓஷாக்னஸி 1833-ல் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் மெடிகல் காலேஜில் ரசாயனப் பேராசிரியரானார். அதோடு நிற்காமல், நம் தேசத்தில் தந்திக் கம்பி போட்டவரும் அவரே! தந்தி இலாகாவில் வேலை பார்த்த நம் அங்கத்தினர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

1884-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் கோக் கல்கத்தாவில் தங்கிக் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஊரில் லெனார்ட் ரோஜர்ஸ் என்ற டாக்டர், அடர்த்தியான உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றி, நூற்றுக்குச் சுமார் 60 ஆக இருந்த மரணத்தைப் பாதியாகக் குறைத்தார். ஆனால் இதற்கு ஊசி வேண்டும், கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த சலைன் வேண்டும், டாக்டர் வேண்டும். கிராமத்துக்கு இவை எங்கே வரும்?

லான்செட்டில் ஒரு இலை

இந்த நிலையில்தான் டாக்டர் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி, நோயாளியின் வாய் வழியாகவே நீரைக் கொடுக்கத் துணிந்தார். ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் உப்பு, 25 கிராம் குளுக்கோஸ். வாந்தியை நிறுத்த ஒரு மாத்திரை. பேதியைக் கட்டுப்படுத்தக் கோலியஸ் அரோமாடிகஸ் இலைச் சாறு. தாவரவியல் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அதுதான் நம் கற்பூரவள்ளி. 186 நோயாளிகளுக்கு இப்படிச் சிகிச்சை செய்து 1953 நவம்பரில் லான்செட்டில் எழுதினார்.

உலகம் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டது. காரணம் இல்லாமல் இல்லை. அவர் தனியாக இன்னொரு குழுவுக்கு வேறு சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டுக் காட்டவில்லை. எவ்வளவு நீர் உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கும் கட்டுரையில் இல்லை. கடுமையாக நோயுற்றவர்களை அவர் சேர்க்கவும் இல்லை. மருந்து சரி, நிரூபணம் போதவில்லை. கோப்பில் குறிப்பு சரியாக எழுதாததால் நல்ல யோசனை தூங்கிப் போவதை என் 36 வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோப்பு தூங்கிய பதினைந்து வருஷங்களுக்குள்தான் என் தங்கையின் 1957 வருகிறது.

டாக்டர் டேயின் முயல்கள்

அதே 1953-ல் கல்கத்தாவில் இன்னொருவர் வேறு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் டாக்டர் சம்பு நாத் டே. ஹூக்ளி ஜில்லாவைச் சேர்ந்தவர், 1915-ல் பிறந்தவர். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு புறமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். அந்தக் குடல் பகுதி நீர் நிறைந்து உப்பியது. 1959-ல் கிருமியை முழுவதும் வடிகட்டி நீக்கிவிட்டு, மிச்சமிருந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது! ஆகவே பேதியை உண்டாக்குவது கிருமி வெளியிடும் ஒரு விஷம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார். காலராவில் குடலின் உட்சுவர் அழிந்து போவதில்லை என்பதும் பின்னர் உறுதியாயிற்று.

நோபல் பரிசு பெற்ற லெடர்பெர்க், டாக்டர் டேயை அதே பரிசுக்குச் சிபாரிசு செய்திருக்கிறார். பரிசு கிடைக்கவில்லை. 1978-ல் ஸ்வீடனில் நோபல் கருத்தரங்குக்கு அழைத்து கௌரவித்தார்கள். 1985-ல் காலமானார். உள்ளூரில் அவர் பெயரை அறிந்தவர்கள் அப்போது மிகச் சிலரே.

தம்பதி சமேதராக வந்தால்தான் அனுமதி

குடல் அழியவில்லை என்றால் குடித்த நீர் ஏன் உள்ளே போவதில்லை? இதற்கு விடை 1960-ல் கிடைத்தது. சிறுகுடலின் சுவரில் ஒரு நுட்பமான வாசல் இருக்கிறது என்று ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி விளக்கினார். அங்கே உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன. நம் வீட்டு விசேஷங்களில் தம்பதி சமேதராக மணையில் உட்காருவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே ஜலமும் போய்விடும். காலரா விஷம் மற்றதையெல்லாம் கலைத்தாலும் இந்த வாசலை மூடுவதில்லை. வெறும் தண்ணீர் ஏன் போதாது, உப்பும் இனிப்பும் ஏன் சேர வேண்டும் என்பது இப்போது புரிகிறதல்லவா?

1968-ல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் அமெரிக்க டாக்டர்கள் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து, வாய் வழிக் கரைசல் பலன் தருவதை நிரூபித்தார்கள். கல்கத்தாவிலும் அதே சமயம் இந்த ஆராய்ச்சி நடந்தது. அந்தக் குழுவில் ஒருவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ்.

பன்காவ், 1971

1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்துக்கும் 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை கூடுதலாக ஒட்டியது மூத்த அங்கத்தினர்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. அங்கே அனுப்பப்பட்ட மஹலனாபிஸ் கண்டது, இரண்டே அறைகளில் 16 கட்டில்கள், தரையெல்லாம் நோயாளிகள். கையிருப்பு சலைன் சீக்கிரமே தீரும் நிலை.

அவர் ஒரு முடிவு எடுத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் அவருடைய ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையில் இவற்றை எடை போட்டுப் பொட்டலம் கட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா! முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நர்ஸுகளுக்குக் காத்திராமல், அம்மாவும் அண்ணாவும் மாமியாரும் டம்ளரில் பிடித்துக் கொடுத்தார்கள். முன்பு நூற்றுக்கு 30 பேர் இறந்த இடத்தில், இறப்பு 3.6 ஆகக் குறைந்தது.

இந்தக் கட்டுரையையும் முதலில் ஏற்க மறுத்தார்கள்; 1973-ல்தான் பிரசுரமாயிற்று. 1978-ல் லான்செட்டே தன் தலையங்கத்தில், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டது. டாக்டர் மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். 2023-ல் மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

அரிசிக் கஞ்சியின் மறுவருகை

கதை இங்கே நம் சமையலறைக்குத் திரும்புகிறது. 1982-ல் டாக்காவில் டாக்டர் மஜீத் மொல்லாவும் குழுவினரும் குளுக்கோஸுக்குப் பதிலாக அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. அரிசியிலுள்ள மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோஸாக மாறுகிறது. காலரா நோயாளிகளுக்குப் பேதியின் அளவே குறைந்தது. பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து வருஷம் வீடு வீடாகச் சென்று, மூன்று விரல் அளவு உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்றுக் கொடுத்தது.

நான் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தது 1974-ல். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். 1978 செப்டம்பர் வெள்ளத்தின்போது எங்கள் இரண்டு வயதுப் பையனுக்குப் பேதி. நான் பழைய பயத்தில் "ஜலம் கொடுக்காதே" என்று மனைவியைத் தடுத்தேன். பக்கத்து வீட்டு வங்காள மாசிமா என்னைக் கடிந்துகொண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த 'நுன்-சினி-ஜல்' கொண்டுவந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். "உப்பு கண்ணீர் அளவுக்குத்தான் கரிக்க வேண்டும், அதற்கு மேல் போகக்கூடாது" என்றாள். மறுநாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து சாதம் கேட்டான். ரசாயனம் படித்த பி.எஸ்ஸி. நான், அளவு சொல்லிக் கொடுத்தவள் அவள்.

நாம் செய்ய வேண்டியது

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ம் ஆண்டுக் கணக்குப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. வீட்டில் இரண்டு பொட்டலங்கள் எப்போதும் இருக்கட்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் அல்ல. கிடைக்காத அவசரத்தில், காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து; சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும். குளிர்பானங்கள் உதவாது. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்களுக்கு அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், குழைந்த சாதம், வேகவைத்த வாழைக்காய் எல்லாம் நல்ல ஆஹாரம்தான். வங்காளிகள் வாழைக்காயை மீனோடு குழம்பு வைப்பார்கள். நாம் மீனை விட்டுவிடலாம்! பட்டினி போடக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு போவது இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ள நம் வயதினர் தங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது உசிதம்.

டாக்டர் சாட்டர்ஜியின் மருந்தில் உலகம் எடுத்துக்கொண்டது உப்பையும் குளுக்கோஸையும். கற்பூரவள்ளி அதில் இடம் பெறவில்லை. அதனால் இலைக்கு அவமானம் இல்லை, ஜலதோஷக் கஷாயத்துக்கு அது இருக்கட்டும். பாட்டி சொன்னது என்பதால் எல்லாம் சரியுமல்ல, பாட்டி சொன்னது என்பதாலேயே தப்புமல்ல. ஜலம் கொடுக்காதே என்றதும் பாட்டிதான், கஞ்சி குடி என்றதும் பாட்டிதான். எது சரி என்று அளந்து பார்த்துச் சொன்னவர்கள் இந்த ஊரிலும் டாக்காவிலும் இருந்த சில டாக்டர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது குக்கர்தான், கஞ்சி வடிப்பதில்லை. ஆனாலும் மருந்து டப்பாவில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அங்கத்தினர்களும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அனைவரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.