லொறியின் புகைக்குழாய்: கேட்ட ஒலியும் கேளாத எச்சரிக்கையும்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் தமையனாருடன் சேர்ந்து லொறி ஓட்டிப் பிழைத்தவர். பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரும் டீசல் வாகனத்தின் மீதான பற்று அவரை விட்டுப் போகவில்லை. தமது பழைய டீசல் வாகனத்தின் புகைக்குழாய் கசிந்ததாகவும், கராஜுக்குக் கொடுக்காமல் வீட்டு முற்றத்திலேயே இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிட்டுப் புதிய பாகங்களைப் பொருத்திவிட்டதாகவும் பெருமையுடன் சொன்னார். சிறிது மௌனத்தின் பின், "அண்ணை இருந்திருந்தால் சிரிச்சிருப்பார். நான் முகமூடி கட்டிக்கொண்டெல்லோ வேலை செய்தனான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியமே இப்பத்தியை எழுதத் தூண்டியது. அண்ணன் காலத்தில் இல்லாத முகமூடி தம்பி காலத்தில் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

ஜெர்மானியப் பொறியியலாளரான ருடோல்ப் டீசல் தமது இயந்திரத்துக்கான காப்புரிமையை 1893இல் பெற்றார். காற்றை மிகையாக அழுத்தினால் அது தானாகவே கொதிநிலைக்கு மேல் பலமடங்கு சூடேறும். அதனுள் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறியின்றியே பற்றிக்கொள்ளும் என்பதே அவரது எண்ணம். 1897இல் ஓக்ஸ்பேர்க் நகரில் பரிசோதிக்கப்பட்ட அவரது இயந்திரம் எரிபொருளின் சக்தியில் 26 சதவீதமளவை வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி இயந்திரங்களுடன் ஒப்பிடுகையில் இது பெரும் பாய்ச்சல். ஆயினும் ஆளுயரத்தை விஞ்சிய அந்த இரும்புப் பூதத்தை வண்டியில் ஏற்ற முடியவில்லை. 1913இல் கடற்பயணம் ஒன்றின்போது கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார். அதற்குப் பத்து ஆண்டுகளின் பின்னர், 1923, 1924ஆம் ஆண்டுகளிலேயே டீசல் லொறிகள் ஜெர்மனியில் வெளிவந்தன.

எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு வெப்பமாக வெளியேறி வீணாகிறது. இதைக் கண்டு வருந்தியவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூகி. வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சிறு சில்லைச் சுழற்றி, அச்சில்லினால் இயந்திரத்துக்குள் மேலதிகக் காற்றைத் திணிக்கும் முறைக்கு 1905இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று 'டர்போ' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அதைத்தான். அதுவரை வெறும் கழிவுவழியாக இருந்த புகைக்குழாய், பியூகியின் பின்னர் இயந்திரத்தின் வலுவைத் தாங்கும் உறுப்பாகவும் மாறியது. டர்போவுக்கு முன்னால் குழாய் கசிந்தால் சில்லுக்குச் சேரவேண்டிய அழுத்தம் வெளியே போய்விடும், லொறி ஏற்றத்தில் திணறும், எரிபொருள் கூடச் செலவாகும், கரும்புகை கக்கும்.

கசிவு ஏன் ஏற்படுகிறது? பாரமேற்றிய லொறி ஏற்றத்தில் ஏறும்போது குழாயினுள் புகையின் வெப்பம் 500 பாகை செல்சியசையும் தாண்டும். ஒரு மீற்றர் நீளமான உருக்குக் குழாய் 400 பாகையால் சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இப்படி நீண்டு சுருங்கும் இரும்பு நாளடைவில் கோணும். முறுக்காணிகள் துருப்பிடித்து அறும். இரு பாகங்களுக்கிடையே வைக்கப்படும் காஸ்கட் தீய்ந்துபோகும். காலையில் இயந்திரத்தை இயக்கியதும் 'டிக், டிக்' என்று ஓர் ஒலி கேட்கும். சூடேறிய இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்ததும் ஒலி நின்றுவிடும். "நோய் மாறிவிட்டது" என்று சாரதி நினைப்பார். இணைப்பைச் சுற்றிப் படிந்திருக்கும் கரிக்கோடு மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து பெற்றோல், டீசல், மின்கலம், உதிரிப்பாகங்கள் எனப் பல பொருட்கள் வடக்குக்குச் செல்வது தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெயில் கார்கள் ஓடிய கதையை அக்காலத்தில் வாழ்ந்த எவரும் அறிவர். நண்பரின் தமையனாரும் மண்ணெண்ணெயுடன் சிறிதளவு எண்ணெய் கலந்தே தமது லொறியை ஓட்டினார். அதன் வயது அப்போதே இருபதைத் தாண்டியிருந்தது. புதிய குழாயோ காஸ்கட்டோ வாங்குவதற்குக் கடையில் எதுவும் இருக்கவில்லை. எனவே முற்றத்து வேப்பமரத்தின் கீழேயே எல்லா வைத்தியமும் நடந்தது.

செய்தி சேகரிக்கப் போகும் வழியில் ஒருநாள் அதை நேரில் கண்டேன். துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தார்கள். பழைய காஸ்கட்டின் மிச்சத்தைத் தமையனார் கத்தியால் சுரண்டினார். வெண்ணிறத் தூசு பறந்தது. வாயால் ஊதித் தள்ளினார். எங்கோ கழற்றிய பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டிப் புதிய காஸ்கட் செய்தார்கள். குழாயின் ஓட்டைக்குப் பால்மா ரின் ஒன்றின் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் வரிந்து கட்டினார்கள். இயந்திரத்தை இயக்கியதும் குழாயருகே குனிந்த தமையனார், "தம்பி, காது குடுத்துக் கேள். சத்தம் நிண்டிட்டுது" என்றார். அவரது முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். அந்தத் திறமையைப் பற்றி ஒரு சிறு கட்டுரையும் எழுதினேன். தூசைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எனக்கும் தெரியாது.

தகரக் கட்டு நிரந்தரமானதல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது அந்த லொறியும் அந்த நெரிசலில் இருந்தது. உறவினர்களும் அயலவர்களும் அதில் நிறைந்திருந்தனர். மணிக்கணக்காக ஓர் அடி, இரண்டு அடி என ஊர்ந்த வேளையில் கட்டு மீண்டும் விட்டுப்போனது. கீழிருந்து எழுந்த புகை முன்னிருக்கையையும் பெட்டியையும் நிரப்ப, குழந்தைகள் இருமத் தொடங்கினார்கள். நின்ற இடமெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி, நகரும்போது மீண்டும் இயக்கி விடியும்வரை சமாளித்தாராம் தமையனார். அன்றைய அச்சங்களோடு ஒப்பிடுகையில் புகை ஓர் அச்சமாகவே தோன்றவில்லை என்று நண்பர் சொன்னார்.

விஞ்ஞானமும் மெதுவாகவே விழித்துக்கொண்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இல் டீசல் புகையை, புற்றுநோயை ஏற்படுத்த 'வாய்ப்புள்ள' பொருட்களின் பட்டியலிலேயே வைத்தது. அமெரிக்காவின் 8 சுரங்கங்களில் பணியாற்றிய 12,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்த முடிவுகள் 2012 மார்ச்சில் வெளியாயின. அதே ஆண்டு யூனில், டீசல் புகை மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை ஏற்படுத்துவது உறுதி என அம்முகவரகம் அறிவித்தது. டீசலின் 1897ஆம் ஆண்டுப் பரிசோதனைக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே 115 ஆண்டுகள். அஸ்பெஸ்டஸின் ஆபத்து அதற்கு மிக முன்னரே அறியப்பட்டிருந்தும் ஐரோப்பிய ஒன்றியம் அதனை முற்றாகத் தடைசெய்தது 2005இல்தான். அத்தூசு விளைவிக்கும் நோய்கள் வெளித்தெரிய இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும் என்பது கவனத்திற்குரியது.

தமையனார் சில ஆண்டுகளுக்கு முன்னர் நுரையீரல் நோயினால் காலமானார். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டறியாதவர். இதற்குக் காரணம் அந்தப் புகைதான், அந்தத் தூசுதான் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். தனியொருவரின் மரணத்தைப் புள்ளிவிபரம் விளக்கிவிடாது. எனினும் தம்பியின் மனத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. அதனால்தான் முகமூடி.

ரொறன்ரோ முற்றத்தில் அவர் செய்ததை இங்கு குறிப்பிடுவது பயனுள்ளது. இயந்திரம் முற்றாக ஆறிய பின்னரே கைவைத்தார். பழைய காஸ்கட்டை உலரச் சுரண்டாமல் நீர் தெளித்து ஈரமாக்கி அகற்றி, பையில் இட்டுக் கட்டினார். இறுகிய நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, அதன் பின் சூடுகாட்டித் தளர்த்தினார். அப்படியும் ஒரு முறுக்காணி முறிந்தது. அதைத் துளையிட்டு எடுக்கவே ஒரு சனிக்கிழமை போயிற்று. இணைப்பு முகம் கோணியிருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து அரத்தால் சமப்படுத்தினார். புதிய உருக்குக் காஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து இருபுறமும் படிப்படியாக முறுக்கினார். விரிந்து சுருங்க இடம்கொடுக்கும் மடிப்புள்ள குழாயைத் தெரிவுசெய்தார். பரிசோதனைக்காக இயந்திரத்தை இயக்கியதும் வெட்டவெளியில்தான்.

தமையனாரின் கைத்திறன் இதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல. கையில் எதுவுமே இல்லாத காலத்தில் ஒரு லொறியை ஐந்து ஆண்டுகள் ஓடவைத்தவர் அவர். அவருக்குக் கிடைக்காதவை இரண்டு: ஒன்று உதிரிப்பாகம், மற்றையது தகவல். முதலாவதைத் தடுத்தது போர். இரண்டாவதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டியவர்களில் செய்தியாளனாகிய நானும் ஒருவன். எங்கள் ஊர்களின் சிறிய கராஜ்களில் இன்றும் இளைஞர்கள் பழைய காஸ்கட்டைச் சுரண்டி வாயால் ஊதுகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதை அவரிடம் சொல்லுங்கள்.