ஊர் பேர் இல்லாத கோப்பு

வன்தட்டில் கிடக்கும் ஓர் எச்டிஎம்எல் கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் பிரவுசரில் பக்கம் விரிகிறது. அதே பக்கத்தில் தனிக் கோப்பாக எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் ஒன்றைச் சேர்த்தால் குரோம் கைவிரித்துவிடுகிறது. பைத்தானில் ஒரு வரிக் கட்டளை கொடுத்துச் சிறு சர்வரை ஓடவிட்டு, முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் 8000 என்று அடித்தால் எல்லாம் பழையபடி வேலை செய்கிறது. கோப்பும் கணினியும் பிரவுசரும் மாறவில்லை; நடுவில் ஒரு சர்வர் மட்டும் வந்து நிற்கிறது. நிரலாளர்கள் தங்கள் வசதிக்குப் பெருக்கிக்கொண்ட கருவிகளில் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இது வந்த வழியைப் பார்த்தால், முகப்புப் பக்கம் எழுதுபவரின் மேசைக்கு இதை இழுத்து வந்தது பிரவுசரின் சந்தேக புத்திதான் என்பது தெரியும்.

உலகளாவிய வலை பிறந்தபோது சர்வர் மேசை மேல்தான் இருந்தது. 1990 இறுதியில், ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ் லீயின் நெக்ஸ்ட் கணினி ஒன்றே உலகின் முதல் வலை சர்வராகவும் முதல் பிரவுசர் ஓடிய இடமாகவும் இருந்தது. எழுதுவது, பரிமாறுவது, படிப்பது மூன்றும் ஓரிடத்திலேயே நடந்தன. யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதே என்று அந்த இயந்திரத்தின் மேல் ஓர் எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டப்பட்டிருந்தது. 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்திலிருந்து வந்த சர்வரும், அதன் மேல் ஒட்டுப்போட்டு 1995இல் உருவான அப்பாச்சியும் பரவியபின், சர்வர் தொலைவில் உள்ள அறைக்குக் குடிபோனது. பக்கம் எழுதுபவர் நோட்பேடில் எழுதி, கோப்பைத் திறந்து பார்த்து, திருப்தியானதும் எஃப்டிபி வழியே ஏற்றினார். சர்வரில் ஓடும் பிஎச்பி போன்ற மொழிகளில் எழுதியவர்களுக்கு மட்டும் வீட்டிலும் சர்வர் தேவைப்பட்டது. 2002இல் வந்த சாம்ப் தொகுப்பு அந்தத் தேவைக்குத்தான். எழுத்தும் படமும் தோற்றமும் மட்டும் பார்த்தவருக்குக் கோப்பே போதுமாயிருந்தது.

அந்த நிலையைக் குலைத்த விதை 1995இலேயே விழுந்துவிட்டது. நெட்ஸ்கேப் பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நுழைந்ததை ஒட்டி, ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் உள்ளடக்கத்தைப் படிக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. நெறிமுறை, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் இரண்டு பக்கங்கள் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே கணினியில் 3000இல் ஓடுவதும் 8000இல் ஓடுவதும்கூட இந்தக் கணக்கில் வெவ்வேறு ஊர். வன்தட்டிலிருந்து நேரே திறந்த கோப்புக்கோ ஹோஸ்ட் பெயரும் இல்லை, போர்ட்டும் இல்லை. ஊர் பேர் தெரியாத ஆளை வாசலோடு நிறுத்துவதுபோல பிரவுசர் அதை நிறுத்துகிறது. 2005க்குப் பிறகு அஜாக்ஸ் முறை பரவி, பக்கங்கள் திறந்தபின்னும் தகவல் கேட்டு வாங்கத் தொடங்கியபோது இந்தத் தடை உறைத்தது. 2015இல் தரப்படுத்தப்பட்ட மாட்யூல் முறை அதை இன்னும் இறுக்கியது. இறக்குமதியாகும் ஒவ்வொரு கோப்பும் இப்போது ஊர் சொல்லியாக வேண்டும்.

வெறும் கோப்போடு கற்கத் தொடங்கிய எளிமையைப் பறித்துவிட்டார்களே என்ற குறை நியாயமானது; புதிதாக வருபவர் முதல் நாளே கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. ஃபயர்பாக்ஸ் பல ஆண்டுகள் ஒரே கோப்புறையில் உள்ளவற்றை உறவினராக நடத்தியது. தரவிறக்கிய நச்சுப் பக்கம் ஒன்று, பக்கத்தில் கிடக்கும் மற்றக் கோப்புகளைப் படித்துவிட அது வழிவிட்டது. 2019இல் வந்த 68ஆம் பதிப்பில் அந்தச் சலுகை ரத்தானது. கருவி செய்பவர்கள்தான் இதைச் சிக்கலாக்கினார்கள் என்று சொல்வதும் பொருந்தாது. வீட் (Vite) போன்ற கருவிகள் கோப்பு மாறியதும் பக்கத்தைப் புதுப்பிப்பது முதலாகப் பல வேலை செய்கின்றன, உண்மைதான். பைத்தானின் சர்வரோ நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. முகவரி ஒன்றைக் கொடுத்து, இது எந்த வகைக் கோப்பு என்று தலைப்பில் சொல்கிறது. அதற்கே கதவு திறக்கிறது என்றால், பூட்டு எங்கே இருந்தது என்பதில் ஐயமில்லை.

சர்வரே புதிய ஓட்டை ஆகாதா என்றும் கேட்கலாம். கவனமில்லாவிட்டால் ஆகும். பைத்தானின் சர்வர், வேறு சொல்லாவிட்டால், கணினியின் எல்லா வலை இணைப்புகளிலும் காது கொடுக்கும். தீச்சுவர் தடுக்காவிட்டால், ஒரே வைஃபையில் இருக்கும் எவரும் அந்தக் கோப்புறையைப் பார்க்க முடியும். 127.0.0.1 என்ற முகவரியோடு கட்டிவிட்டால் போக்குவரத்து கணினியை விட்டு வெளியே போகாது. உண்மையான தளத்தை இதில் நடத்தாதீர்கள் என்று பைத்தானின் ஆவணமே எச்சரிக்கிறது. ஒரு மாலை நேர வேலைக்குக் கோப்புக்கு ஊர்ப்பெயர் கொடுப்பதே இந்த சர்வரின் வேலை. செர்னில் இருந்த சர்வரை நம்பிப் பிறர் இருந்ததால் அணைக்காதே என்று சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. இது கன்ட்ரோல் சி அழுத்தியதும் அடங்கிவிடுகிறது, யாருக்கும் நட்டமில்லை.