டிரிட்டியம் எங்கிருந்து வந்தது?

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பான்ஸ், மார்ட்டின் ஃப்ளெய்ஷ்மன் என்ற இரு வேதியியலாளர்கள், கட்டுரை அச்சேறுமுன்பே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார்கள். கனநீரில் பல்லேடியம் கம்பியை முக்கி மின்சாரம் பாய்ச்சினால் அணுக்கரு இணைவு மேசைமேலேயே நடக்கிறது என்று. இந்தக் 'குளிர் இணைவு' மெய்யா பொய்யா என்று நிறைய எழுதியாயிற்று. எனக்கு அக்கறை அதன் ஓரத்தில் நடந்த ஒரு சந்தேகத்தின் வரலாறு.

அதே ஆண்டில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஜான் பாக்ரிஸின் சோதனைக்கூடத்துக் கலன்களில் டிரிட்டியம் அகப்பட்டது. வெப்பத்தை அளப்பதில் ஆயிரம் தகராறு பண்ணலாம். டிரிட்டியம் அப்படியில்லை, அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். அணுக்கருவில் ஏதாவது நடந்தால் வரும். இல்லை, வெளியிலிருந்து வரும், யாராவது ஊற்றினாலும் சரி, தானாகக் கலந்தாலும் சரி. கூடவே வரவேண்டிய நியூட்ரான்களோ காணோம். சொன்ன வெப்பத்துக்கு ஈடான நியூட்ரான்கள் வந்திருந்தால் கலன் பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவர் செத்திருப்பார். 'செத்த மாணவர் எங்கே?' என்று இயற்பியலாளர்கள் மத்தியில் ஒரு கேலி. கேலியில்கூட மாணவன்தான் சாகிறான், பேராசிரியர் இல்லை.

1990 ஜூனில் 'சயின்ஸ்' இதழில் கேரி டாப்ஸ் என்ற பத்திரிகையாளர் எழுதினார்: டிரிட்டியத்தை யாரோ கலந்திருக்கக்கூடும். சந்தேகத்தின் விரல் ஒரு மாணவரை நோக்கி நீண்டது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டது. கலப்படத்தை முற்றிலும் மறுக்க இயலாது, ஆனால் அறியாமல் நேர்ந்த மாசோ அளவீட்டுக் குறையோதான் அதைவிட அதிக சாத்தியம் என்றது குழு. அங்கேயே வேலை செய்த கெவின் வுல்ஃப், தான் வாங்கிய பல்லேடியத்திலேயே டிரிட்டியம் ஏற்கெனவே இருந்ததைக் கண்டுபிடித்தார். இது பாக்ரிஸின் கலன்கள் எல்லாவற்றுக்கும் விடையாகாது என்றாலும், சூழ்ச்சியே இல்லாமலும் உலோகம் பொய் சொல்லும் என்பது தெரியவந்தது.

இந்தியாவில் பி.கே. ஐயங்காரின் தலைமையில் டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பல குழுக்கள் 1989இல் இதே டிரிட்டியத்தைக் கண்டதாக அறிவித்தன. ஒரு நியூட்ரானுக்குக் கோடிக்கணக்கில் டிரிட்டியம் அணுக்கள் என்பது அவர்கள் கணக்கு. அறிந்த அணுக்கரு இயற்பியல்படி இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். டிராம்பே கனநீர் உலைகள் உள்ள இடம். டிரிட்டியத்தை அளந்து பழகியவர்கள் என்று ஆதரவாளர் சொல்லலாம், டிரிட்டியம் புழங்குகிற இடம் என்று ஐயப்படுகிறவர் சொல்லலாம். ஒரே சாட்சி இரண்டு கட்சிக்கும் பேசுகிறது.

'மோசடி' என்ற சொல்லில் உள்ள வசதியை நாம் கவனிக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் கலனை மறுபடி திறந்து பார்க்கிற வேலை மிச்சம். மோசடி நிரூபணமாகவில்லை என்பதையே டிரிட்டியம் உண்மை என்பதற்கு ஆதாரமாக்குவது இன்னொரு வசதி. பாக்ரிஸின் ஆதரவாளர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1996இல் நம்ம ஊர் மூலிகைப் பெட்ரோல் விவகாரத்தில் ராமர் பிள்ளைக்கு 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறை விதித்தது. அங்கே குற்றத்துக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. டெக்சாஸ் மாணவருக்கு எதிராக அப்படி ஒன்றும் கிடையாது, அச்சில் வந்த சந்தேகம் மட்டும்தான். எந்த மாதிரியில் என்ன இருக்கிறது என்று அளப்பவருக்கே தெரியாதபடி வேறு கூடத்துக்கு அனுப்பியிருந்தால், பூட்டிய கலனைப் பல கண்கள் பார்த்திருந்தால், அவர் பெயர் அடிபட்டிருக்காது. அப்படிச் செய்திருக்க வேண்டியவர் பேராசிரியர்.

கூகுள் பணத்தில் நடந்த புதிய ஆய்வின் முடிவு 2019 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது: குளிர் இணைவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1989இல் டெக்சாஸ் கலனுக்குள் டிரிட்டியம் எப்படி வந்தது என்பதற்கு அந்தக் கட்டுரையிலும் பதில் இல்லை.