அயல்நாட்டுக் கல்வியும் பகுதிநேரப் பணியும்

அயல்நாட்டில் முழுநேரப் படிப்பில் சேர்ந்த மாணவர், விசா அனுமதிக்கும் நேரத்துக்குள் வேலை செய்து தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்வது பகுதிநேரப் பணி எனப்படுகிறது. பெரும்பாலான நாடுகளில் இந்த வருவாய் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கைகொடுக்கும். கல்விக் கட்டணத்துக்கு எட்டாது.

வேப்பம்பட்டுப் பின்னணி

இத்தகைய பணியை நாடும் மாணவரின் குடும்பச் சூழலுக்கு ஓர் எடுத்துக்காட்டு, திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை – அரக்கோணம் ரயில் தடத்தில் திருநின்றவூரை அடுத்து உள்ள வேப்பம்பட்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் வாழும் ஊர் இது. பக்கத்தில் பெருமாள்பட்டில் ஸ்ரீராம் பொறியியல் கல்லூரியும், திருநின்றவூரில் ஜெயா பொறியியல் கல்லூரியும் உள்ளன. இப்பகுதியில் பி.இ. முடித்து மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல விரும்பும் மாதச் சம்பளக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக்கடனே முதல் வழி. 7.5 லட்சம் ரூபாயைத் தாண்டும் கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்தை அடமானமாகக் கேட்கின்றன. பெற்றோரின் வீடோ மனையோ ஈடாகிறது. படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டு வரையும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

வரலாறு

உழைத்துக்கொண்டே படிக்கும் வழக்கம் இந்தியருக்குப் புதிதன்று. 1922இல் அமெரிக்கா சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயண், திராட்சைத் தோட்டத்திலும் உணவகங்களிலும் வேலை பார்த்துப் படிப்பைத் தொடர்ந்து, 1929இல் நாடு திரும்பினார். சென்னையில் பிறந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்த இந்திரா நூயி, 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை பயிலச் சென்றார். அங்கு நள்ளிரவு முதல் அதிகாலை வரை வரவேற்பாளராகப் பணியாற்றிச் செலவைச் சமாளித்தார். பின்னாளில் பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார்.

நேர வரம்பு

2025ஆம் ஆண்டு நிலவரப்படி, முக்கிய நாடுகளின் விதிகள் பின்வருமாறு:

- பிரிட்டன்: பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம்.
- கனடா: வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் (2024 நவம்பர் முதல், முன்பு 20).
- ஆஸ்திரேலியா: இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் (2023 ஜூலை முதல்).
- ஜெர்மனி: ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் (2024 மார்ச் முதல்).
- அமெரிக்கா: வகுப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம். வெளிவேலைக்குத் தனி அனுமதி தேவை.

பணிகள்

பல்கலைக்கழக நூலகம், உணவகம், ஆய்வுக்கூடம் ஆகியவை வளாகப் பணியிடங்கள். வெளியே சூப்பர் மார்க்கெட், கிடங்கு, உணவகம், முதியோர் இல்லம் போன்றவற்றில் ஷிஃப்ட் முறையில் வேலை கிடைக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல், ஆய்வு உதவியாளர் பணிகளுக்குச் சம்பளத்தோடு கட்டண விலக்கும் பல இடங்களில் உண்டு. முனைவர் பட்ட மாணவருக்கே இது பெரும்பாலும் வாய்க்கிறது.

வரவும் செலவும்

பிரிட்டனில் 21 வயது நிறைந்தவருக்கு 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்படி வாரம் 20 மணி நேரம் தவறாமல் வேலை கிடைத்தாலும் மாதம் சுமார் 1,058 பவுண்டுதான் வரும். ஆனால் விசாவுக்கு அந்நாட்டு அரசே காட்டச் சொல்லும் மாதச் செலவு, 2025 நவம்பர் முதல் லண்டனில் 1,529 பவுண்டு, பிற ஊர்களில் 1,171 பவுண்டு. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்கூட இழுபறிதான்.

ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலராக நிர்ணயிக்கப்பட்டது. அதன்படி வரம்பு முழுவதும் உழைத்தால் இரு வாரங்களுக்கு ஏறத்தாழ 1,198 டாலர். விசாவுக்குக் காட்ட வேண்டிய ஆண்டுச் செலவு 29,710 டாலர் என்பதால், வாழ்க்கைச் செலவு ஏறக்குறைய ஈடாகும். கட்டணம் அப்படியே நிற்கும்.

ஜெர்மனியின் நிலை வேறு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ செலுத்த வேண்டும். விசாவுக்காக ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதத் தவணையாக மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வைத்துக் காட்ட வேண்டும். ஜெர்மன் மொழி தெரிந்தால் வேலை விரைவில் அமைகிறது. எனவே எந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே கணக்கின் பாதியைத் தீர்மானிக்கிறது.

சட்டமும் பாதுகாப்பும்

வரம்பு மீறி உழைப்பது விசா விதிமீறல். படிப்பு பாதியில் நின்று நாடு திரும்ப நேரலாம். பிரிட்டனில் மாணவர் சுயதொழில் செய்யக்கூடாது. சுயதொழிலாகக் கருதப்படும் உணவு டெலிவரி ஆப் வேலையும் இதில் அடங்கும். கணக்கில் காட்டாமல் கையில் ரொக்கமாகக் கூலி தரும் முதலாளிகள் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுக்க, பயந்துபோன மாணவர் வாய் திறப்பதில்லை. பே ஸ்லிப் கேட்டு வாங்குவது மாணவரின் உரிமை. ஆஸ்திரேலியாவில் ஊதிய முறைகேட்டுக்கு ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அமைப்பிடம் புகார் செய்யலாம். முதலாளி செலுத்தும் ஓய்வூதிய நிதியை, நாட்டைவிட்டு வெளியேறியபின் வரி போகக் கேட்டுப் பெறலாம்.

மாற்று வழிகள்

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்குத் தமிழ்நாடு அரசின் அயலக உயர்கல்வி உதவித்திட்டமும், ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உள்ளன. கல்விக்கடன் வட்டிக்கு, பழைய வரிமுறையில் வருமான வரிக் கழிவு கோரலாம்.

மதிப்பீடு

பகுதிநேரப் பணி மாணவரைச் சொந்தக் காலில் நிற்கவும் பிற நாட்டாரோடு பழகவும் பயிற்றுகிறது. கடனின் வட்டியை மாதந்தோறும் கட்டிவர அதில் மிஞ்சும் தொகை உதவினால், அடமானத்தில் இருக்கும் வீட்டின் மேல் சுமை குறையும். ஆனால் கட்டணத்தையே பகுதிநேரச் சம்பளத்தில் கட்டிவிடலாம் என்று உறுதி கூறும் கன்சல்டன்சியை நம்பி எந்தக் குடும்பமும் மனைப் பத்திரத்தைக் கொடுக்கக்கூடாது. முதலாண்டுக் கட்டணமும் ஆறு மாதச் செலவும் கையில் இருப்பதை உறுதி செய்தபின் புறப்படுவதே பாதுகாப்பு.